காரில் துப்பாக்கி இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, ஓஹையோவில் டொலீடோ பக்கம் இருக்கிறேன், துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இங்கே 2022 ஜூன் முதல் போலீஸ் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். ஆனால் எல்லை தாண்டி மிச்சிகனுக்குள் போய்விட்டால், நிறுத்தியவுடனே நாமாகவே சொல்லியாக வேண்டும். மச்சான் வீடு டெட்ராய்ட் பக்கம் என்பதால் அடிக்கடி அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

சட்டம் புரிகிறது, சொல்கிற விதம்தான் புரியவில்லை. 2016இல் மினசோட்டாவில் காரில் போகும்போது போலீஸ் நிறுத்திய ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பினத்தவர் லைசென்ஸ் வைத்திருந்தார், துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார், அப்படியும் சுட்டுவிட்டார்கள், சுட்ட போலீஸ்காரர் அடுத்த வருடமே விடுதலை. நம் நிறத்துக்கும் நம் இங்கிலீஷுக்கும் இதை யோசிக்காமல் இருக்க முடியுமா?

உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொள்வது வரை சரி. அப்புறம்? "கன்" என்று ஆரம்பிக்காமல் லைசென்ஸ் இருக்கிறது என்று தொடங்குவதா? பர்ஸ் பின் பாக்கெட்டில், துப்பாக்கி இடுப்பில் அதே பக்கம். இன்சூரன்ஸ் காகிதத்தை எங்கே வைக்கிறீர்கள்? பக்கத்து சீட்டில் மனைவி, பின்னால் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? நிஜமாகவே நிறுத்தப்பட்டவர்கள், என்ன வார்த்தை சொன்னீர்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். 'துப்பாக்கியே எதுக்கு' என்ற பஞ்சாயத்து வீட்டில் தினமும் நடக்கிறது, இங்கே வேண்டாம்.