பிடிஎஃப்இ லைனிங் பம்ப் ஏற்றுமதி: ஸ்கோமெட் (ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களுக்கான இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்) அனுமதி வேணுமா?

கேள்வி: வியட்நாம் டிரேடர் ஒருவர் மேக்னெடிக் டிரைவ் பம்ப் (சீல் இல்லாமல் காந்தத்தால் ஓடுவது) கேட்கிறார். உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை ஃப்ளோரோபாலிமர்) லைனிங், மணிக்கு 3 கன மீட்டர். எச்எஸ் கோடு (சுங்க வகைப்பாட்டு எண்) 8413, சாதாரண பம்ப்தான் என்கிறார் கஸ்டம்ஸ் ஏஜென்ட். சரியா?

பதில் 1: சரியில்லைங்க. எச்எஸ் கோடை வைத்து ஸ்கோமெட்டை முடிவு செய்ய முடியாது. 2018 ஜனவரியில் இந்தியா சேர்ந்த ஆஸ்திரேலியா குழுவின் (ரசாயன, உயிரி ஆயுதப் பரவலைத் தடுக்க ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் குழு) வரம்பைப் பாருங்க: சீல் இல்லாத பம்ப், மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல், திரவம் படும் பரப்பு ஃப்ளோரோபாலிமர். மூன்றுமே உங்களுக்குப் பொருந்துது. ரசாயன ஆயுதத்துக்கான அரிக்கும் திரவங்களைக் கசியாமல் தள்ளவும் இதே பம்ப்தான் வேணும், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. உட்பரப்பு முழுக்க 316 ஸ்டீல் என்றால் இந்தக் கட்டுப்பாட்டில் வராது. ஹாஸ்டெல்லாய் சி-276 என்ற நிக்கல் கலவை வரும், அதில் நிக்கல் 40 சதவீதத்துக்கு மேல்.

பதில் 2: ஸ்பேரையும் பாருங்க. அதே பொருளில் செய்த கேசிங், இம்பெல்லர் தனியா அனுப்பினாலும் கட்டுப்பாடு உண்டு. விண்ணப்பம் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) தளத்தில். இறுதிப் பயனர் சான்றிதழில் டிரேடர் கையெழுத்து மட்டும் போதாது. பம்ப் எந்த ஆலையில், எந்தத் திரவத்துக்கு ஓடப்போகுதுன்னு அந்த ஆலையே எழுதித் தரணும். ‘தொழிற்சாலை உபயோகம்’னு மொட்டையா எழுதினா விளக்கம் கேட்டு இழுத்தடிக்கும்.

பதில் 3: இதே ஆர்டரை ஆஸ்திரேலியா குழுவின் வேறொரு உறுப்பு நாடு மறுத்திருந்தால், அந்த நாட்டோடு கலந்து பேசிய பிறகே அனுமதி. டிரேடர் இதற்கு முன் யாரிடம் கேட்டார்னு விசாரிச்சுடுங்க.