கடற்கரைத் தெரு குழு: உறைக்கெணறு எறக்குறது

செல்வி: அண்ணே, கொல்லையில உறைக்கெணறு, அதான் சிமெண்டு வளையம் அடுக்குற கெணறு, எறக்கணும். மழை முடிஞ்சு தையில பாத்துக்கலாமா?

ராசு அண்ணன்: தையில வேணாம் தங்கச்சி. அப்ப தண்ணி மேல நிக்கும், சட்டுனு ஊறுதுன்னு நிறுத்திருவாக. ஆனி ஆடில கச்சான் காத்து அடிக்கிறப்ப கெணறு காஞ்சு கெடக்கும். ஆவணி, புரட்டாசில தண்ணி அடிமட்டத்துல இருக்கும். அப்ப எறக்குனாத்தான் வருசம் பூரா ஊறும்.

செல்வி: ஆழமா போர் போடச் சொல்றாகளே?

பஷீர் பாய்: ஆழம் போனாத்தாம்மா உப்பு. நம்ம மணலுக்கடியில மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல மெதக்குது, கனம் கம்மிங்கறதால. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கீழ ஏறத்தாழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி. மோட்டார் போட்டு அந்த 1 அடியை உறிஞ்சிட்டா, அடியில இருக்க உப்பு அத்தனையும் ஏறப் பாக்கும். ஏறுனது எறங்க அடுத்த மழை வரணும். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருசத்துக்கு 800 மி.மீ. சொச்சம்தான், அதுல பாதிக்கு மேல ஐப்பசி-மார்கழிக்குள்ள.

ராசு அண்ணன்: 3 அடி அகல உறை போதும். குழி தோண்டிட்டு உறை வைக்க விடாத, காஞ்ச மணல் சரிஞ்சு ஆளை மூடிரும். மேல்மணலை வழிச்சிட்டு மொத உறையை வச்சு, உள்ளருந்து மண்ணை அள்ளணும். உறை தன் கனத்துலயே எறங்கும். சுத்திச் சமமா அள்ளணும், ஒரு பக்கம் கூடுனா சாஞ்சிரும், அப்புறம் மேல் உறை உக்காராது. தண்ணி கண்டப்புறம் ரெண்டு உறை, அதோட நிறுத்து. அடியில அரை அடிக்கு ஜல்லி போடு, இல்லேன்னா எறைக்க எறைக்க மணல் பொங்கும்.

மேரி மதினி: கக்கூஸ் குழி 50 அடியாவது தள்ளி இருக்கணும் செல்வி. மணல்ல அழுக்கு வேகமா ஓடும். தெளிவா இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்கணும்.

செல்வி: அரை எச்பி மோட்டார் வைக்கலாமா பாய்?

பஷீர் பாய்: வைக்கலாம். கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தி, ஊறவிட்டு ஓட்டுங்க. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிக்கங்க. 500க்குள்ள இருந்தா நல்ல தண்ணி, 2000 தாண்டுனா குடிக்கக் கூடாது. சித்திரையிலருந்து வாரம் ஒருக்கா பாருங்க, ஏற ஆரம்பிச்சா மோட்டாரை நிறுத்திட்டு வாளிதான்.

ராசு அண்ணன்: வீடு வடகடல் பக்கமா, தென்கடல் பக்கமா?

செல்வி: வடகடல்.

ராசு அண்ணன்: அப்ப வாடையில அலை ஏறும். மணல் மேட்டுக்கு உள்பக்கமா வை, தரைக்கு மேல 2 அடி உறை தெரியணும். மேட்டு மணலை மட்டும் யாரையும் அள்ள விடாத, மழையைக் குடிச்சுச் சேத்து வைக்கிறதே அதுதான்.

செல்வி: மொத்தம் எத்தனை உறை வாங்க?

ராசு அண்ணன்: புரட்டாசில பக்கத்து வீட்டுக் கெணத்துல கயித்துல கல்லைக் கட்டி எறக்கி, தரையிலருந்து தண்ணி எத்தனை அடின்னு அளந்து இங்க போடு. பாத்துச் சொல்றேன்.