பிளேனோ, டெக்சஸ்: ஏசி, ஃபர்னஸ் ஒப்பந்தக்காரர்களின் கட்டணமும் உரிமமும் – உறுப்பினர்களின் அனுபவங்கள்

மேற்கு பிளேனோ உறுப்பினர்:

எங்கள் வீட்டு மாடிக்கான ஏசி 2008ஆம் ஆண்டுக் கருவி. ஆர்-22 என்னும் குளிரூட்டும் வாயுவில் ஓடுவது. அந்த வாயு ஓடும் சுருள் குழாயான காயிலில் கசிவு இருப்பது தெரிந்ததும் பழுதுபார்ப்பதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. 2020 சனவரி முதல் அமெரிக்காவில் அந்த வாயுவைப் புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ அனுமதி இல்லை. பழைய கருவிகளிலிருந்து மீட்டுச் சுத்திகரித்ததும் முன்பு சேமித்து வைத்ததும்தான் கிடைக்கும், அதுவும் யானை விலைக்கு. ஆகவே அட்டிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள இடத்தில்) இருக்கும் ஃபர்னஸையும் (வீட்டைச் சூடாக்கும் கருவியையும்) சேர்த்து முழுவதுமாக மாற்றிவிடலாம் என்று மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டோம்.

முதலில் வந்தவர் அட்டிக் பக்கமே போகாமல் சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டை விரித்து, பழைய கருவியின் குளிரூட்டும் திறன் 4 டன் என்பதால் புதியதும் 4 டன் என்று சொல்லி, ஏறத்தாழ 19,000 டாலர் கேட்டார். அன்றிரவே கையெழுத்திட்டால் 2,500 குறைப்பதாகவும் சொன்னார். இரவு கழிந்தால் ஏறிவிடும் விலை என்ன விலையோ எனக்கு விளங்கவில்லை. இரண்டாமவர் உச்சி வெயிலில் அட்டிக்கில் ஏறி ரிட்டர்ன் டக்டை (அறைக் காற்றைக் கருவிக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயை) அளந்து, சன்னல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, கூரையின் கீழ் இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) எவ்வளவு கனம் என்றெல்லாம் குறித்துக்கொண்டு, ‘மேனுவல் ஜே’ முறைப்படி வெப்பச் சுமையைக் கணக்கிட்டு மூன்றரை டன்னே போதும் என்றார். அவர் கேட்டது 14,000க்குச் சற்றுக் குறைவு. தேவைக்கு மிஞ்சிய டன் போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து கருவி உடனே நின்றுவிடும், காற்றின் ஈரம் மட்டும் போகாது என்று அவர் விளக்கியதைப் பழைய கருவியோடு நாங்கள் கழித்த கோடைகளில் நேரில் கண்டிருக்கிறோம்.

மூன்றாமவர் 9,000 டாலர் கேட்டார், ரொக்கமாக. டெக்சஸில் கொட்டேஷனிலும் பில்லிலும் வண்டியின் இரு பக்கங்களிலும் உரிம எண் இருக்க வேண்டும். அவருடைய தாளில் எண் இருந்தது, வண்டியில் இல்லை. டிடிஎல்ஆர் என்னும் மாநில உரிமத் துறையின் இணையத் தேடலில் அந்த எண்ணை இட்டுப் பார்த்தபோது ஹியூஸ்டன் பக்கத்தில் உள்ள வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது. கேட்டதற்கு, ‘அது என் பங்காளியின் உரிமம்’ என்றார். ஒருவருடைய உரிமத்தை இன்னொருவர் பயன்படுத்துவதை இம்மாநிலச் சட்டம் ஏற்பதில்லை. பங்காளியாக இருந்தாலும் சரி, மைத்துனராக இருந்தாலும் சரி. இரண்டாமவரையே அமர்த்திக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். வேறு என்ன பார்க்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கிழக்கு பிளேனோ உறுப்பினர்:

எங்களுக்கு நேர்ந்தது சிறிய பழுதுதான், ஆனால் அதற்கு இரு வேறு விலைகள் சொல்லப்பட்டன. சூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வெளியே உள்ள கருவியின் விசிறி சுழலாமல் ‘ம்ம்’ என்று உறுமிக்கொண்டு மட்டும் இருந்தது. வந்த முதல் ஆள் மீட்டரை வெளியில் எடுக்காமலேயே கம்ப்ரசர் (வாயுவை அழுத்தும் பாகம்) போய்விட்டது, முழுக் கருவியையும் மாற்ற 11,000 டாலர் ஆகும் என்றார். மறுநாள் வந்தவர் மூடியைத் திறந்து, மேற்புறம் உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டரை (மோட்டார் ஓட உதவும் மின்தேக்கியை) காட்டி, அதன் உடலில் 45 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருப்பதை என்னையே படிக்கச் சொல்லிவிட்டு மீட்டரை வைத்தார், 12கூடக் காட்டவில்லை. அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டு, விடுமுறை நாள் வருகைக் கட்டணத்தையும் சேர்த்து 260 டாலர் வாங்கிக்கொண்டார்.

அந்த உதிரிப்பாகம் கடையில் முப்பது டாலருக்குள் கிடைக்கும் என்று சொல்லி என் கணவர் சற்று நேரம் முணுமுணுத்தார். எனக்கு அதில் மனக்குறை இல்லை. உரிமம் பெற விரும்புகிறவர் உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் பொதுவாக 48 மாதங்கள் வேலை செய்து, தேர்வும் எழுதியாக வேண்டும். 25 டன் வரை குளிரூட்டும் கருவிகளுக்கான ‘பி’ வகுப்பு உரிமத்துக்கே ஒரு நிகழ்வுக்கு 1,00,000 டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். அளவு வரம்பில்லாத ‘ஏ’ வகுப்புக்கு 3,00,000. ஆண்டுதோறும் புதுப்பிப்பும் உண்டு. இவற்றின் செலவெல்லாம் அந்த 260க்குள்தான் இருக்கிறது.

ரிச்சர்ட்சன் உறுப்பினர்:

உரிமத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் வந்த நிறுவனத்துக்கு உரிமம், காப்பீடு, வண்டியில் எண் என்று எல்லாமே ஒழுங்காக இருந்தன. 79 டாலருக்குக் குளிர்காலப் பராமரிப்பு என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் அழைத்தேன். அட்டிக்கிலிருந்து இறங்கிய இளைஞர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஃபர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (எரியும் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பாகத்தில்) விரிசல் இருப்பதாகவும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வீட்டுக்குள் வரக்கூடும் என்பதால் உடனே அணைத்துவிடப் போவதாகவும் சொல்லிக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். விரிசல் உண்மையானால் அந்த அபாயமும் உண்மையானதே. குழந்தைகள் உள்ள வீட்டில் யாரும் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஆனால் அந்தப் படத்தில் பர்னர்கள் மூன்றுதான் இருந்தன. முந்தைய குளிர்காலத்தில் பற்றவைப்புக் கோளாறு ஏற்பட்டபோது நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன், எங்கள் ஃபர்னஸில் நான்கு. நானும் உடன் மேலே வருகிறேன், கேமராவை உள்ளே விட்டுக் காட்டுங்கள், கார்பன் மோனாக்சைடு அளவையும் மீட்டரில் எடுங்கள் என்று கேட்டேன். மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றவர் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. வேறொருவரை வரவழைத்துச் சோதித்ததில் விரிசல் எதுவும் தென்படவில்லை. டிடிஎல்ஆரில் முறையிட்டிருக்கிறேன்; யார் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதில் அத்துறை தலையிடுவதில்லை, ஆனால் தேவையில்லாத வேலையைத் தேவை என்று சொல்வது அதன் விதிகளின்படி குற்றம்.

பிளேனோ உறுப்பினர், சென்ற குளிர்காலத்தில் கருவி மாற்றியவர்:

முதலில் எழுதிய நண்பருக்கு: நகராட்சி அனுமதியை ஒப்பந்தக்காரர் தம் பெயரில் எடுக்கிறாரா என்று இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கெப்பாசிட்டர் மாற்றுவது வேறு. ஏசியையும் ஃபர்னஸையும் மாற்றும்போது அனுமதியும், வேலை முடிந்தபின் ஆய்வாளரின் வருகையும் உண்டு. என்னிடம் வந்தவர்களில் ஒருவர், ‘பெர்மிட் என்றால் தாமதம், உங்களுக்குத்தான் சிரமம்’ என்று அன்போடு எடுத்துச் சொன்னார். நான் தேர்ந்தெடுத்தவர் அனுமதிக் கட்டணத்தைக் கொட்டேஷனில் தனி வரியாகவே காட்டியிருந்தார். வந்த ஆய்வாளர் அட்டிக்கில் பத்து நிமிடங்கள் இருந்திருப்பார். காயிலுக்குக் கீழே உள்ள அவசரத் தட்டின் வடிகுழாய், நீர் சொட்டினால் வீட்டாரின் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவரப்படாமல் பாதியில் விடப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, வேலையை ஏற்காமல் திருப்பினார். நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். கூரைப்பலகை ஊறி விழுந்தபின்தான் தெரிந்திருக்கும். ஒப்பந்தக்காரர் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்து கொடுத்தார்.

இனி வாங்கும் கருவியில் ஆர்-454பி அல்லது ஆர்-32 வாயுதான் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் ஆர்-410ஏ வாயுவுக்கான புதிய வீட்டுக் கருவிகளைத் தயாரிப்பது 2025 சனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. யாராவது கிடங்கில் எஞ்சிய ஆர்-410ஏ கருவியைத் தள்ளுபடியில் தருவதாகச் சொன்னால், அது எந்த ஆண்டுத் தயாரிப்பு, கம்ப்ரசருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதைக் கேட்டுப் பாருங்கள். ஹீட் பம்ப் (குளிரூட்டவும் சூடாக்கவும் கூடிய கருவி) வாங்கினால் கூட்டரசு வரியில் 2,000 டாலர் திரும்பக் கிடைக்கும் என்று இன்னமும் சிலர் விற்பனையின்போது சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2025 திசம்பர் 31க்குள் பொருத்தி முடித்தவற்றுக்கு மட்டுமே.

கடைசித் தவணையாக 3,000 டாலரை ஆய்வாளர் ஒப்புதல் தந்த பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தேன். வடிகுழாயைச் சரிசெய்ய ஆள் மறுநாள் காலையிலேயே வந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.