‘பியூட்டிஃபுல் பாய்’: அப்பா மறுத்தது சரியா?

கடலோசை:
2018-இல் வந்த இந்தப் படத்தில் எனக்குச் செரிக்காதது ஒன்றுதான். மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) என்ற போதைப்பொருளில் சிக்கிய மகன் நிக், வீட்டுக்கு வரட்டுமா என்று போனில் கெஞ்சுகிறான். அப்பா டேவிட் மறுத்துவிடுகிறார். அப்புறம் அவன் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு சாவின் விளிம்புவரை போகிறான். பெற்ற பிள்ளையைக் கைகழுவுவதைப் பக்குவம் என்று காட்டுவது ஆபத்து.

வெயில்மழை:
கைகழுவினார் என்பது அநியாயம் சகோ. சிகிச்சையில் சேர்ப்பது, அவன் காணாமல் போவது, தெருத்தெருவாகத் தேடுவது, மறுபடி சேர்ப்பது என்று எல்லாம் செய்து ஓய்ந்த மனிதர் அவர். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. தம்பி சேர்த்து வைத்த காசையே நிக் எடுத்துவிடுகிறான். அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

தேன்மொழி:
நிக்கின் காரை சித்தி கேரன் துரத்திப் போகும் காட்சியை மறக்கவே முடியவில்லை. பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அழுகிறார். பிடித்தாலும் என்ன செய்ய முடியும் என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைக்கிறது. கேரனாக நடித்த மௌரா டியர்னி பேசாமலே அதைச் சொல்லிவிடுகிறார்.

கடலோசை:
நடிப்பைக் குறை சொல்லவில்லை. மெத்துக்கு அடிமையானவரை மீட்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. விட்டுவிட்டு மறுபடி தொடுவது அந்த நோயின் போக்கு. அப்படியிருக்க, "அடிபட்டால் தானே திருந்துவான்" என்று காத்திருந்தால், பல பேருக்கு அந்த அடியே கடைசி அடி.

வெயில்மழை:
அடிபடட்டும் என்று டேவிட் எங்கே சொன்னார்? அல்-அனான் போன்ற குடும்ப ஆதரவுக் குழுக்களில் சொல்வார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணமாக்கவும் முடியாது. அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார், அவ்வளவுதான். காசு தர மறுப்பதும் சிகிச்சை தர மறுப்பதும் ஒன்றல்ல.

கடலோசை:
அதைத்தான் நானும் கேட்கிறேன். "வீட்டுக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வா, வாசலில் நிற்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

தேன்மொழி:
சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா, மகன் இருவரும் தனித்தனியாக எழுதிய புத்தகங்களிலிருந்து வந்த படம் இது. மகன் பக்கம் பாதிகூட வரவில்லை. போனை வைத்த பிறகு நிக்குக்கு உள்ளே என்ன ஓடியது என்பதைக் காட்டியிருந்தால், நீங்கள் இருவரும் இப்படி அப்பாவையே சுற்றிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.