எல்300 இருக்கும்போது எல்700 தேவையா? திருவொற்றியூரிலிருந்து ஒரு கேள்வி

ஒற்றியூர் ரசிகன்:

வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்-எல்300 ஹெட்போனும் அதை இயக்கும் எஸ்ஆர்எம்-252எஸ் ஆம்ப்ளிஃபையரும். நிலைமின் (எலக்ட்ரோஸ்டாட்டிக்) ஹெட்போன்களில் முதல் படி என்று எல்லோரும் சொல்லும் ஜோடி. வீணை, வயலின், குரல் ஆகியவற்றில் இது தரும் தெளிவை இதற்கு முன் நான் கேட்டதில்லை. தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன.

குறை மிருதங்கத்தில்தான். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விழும் சாப்பு அடி பளிச்சென்று இருக்கிறது. தொப்பி எனும் இடப்பக்கத் தோலிலிருந்து வரவேண்டிய கும்கி நாதம் எலும்பும் தோலுமாக வருகிறது. வயலின் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது சில பதிவுகளில் காது கூசுகிறது.

எஸ்ஆர்-எல்700 மார்க் 2 ஹெட்போனையும் எஸ்ஆர்எம்-353எக்ஸ் ஆம்பையும் சேர்த்து வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் லட்ச ரூபாயைத் தாண்டும். சுங்க வரி தனி. வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. வீடு எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. நான் கண்ணாடி அணிபவன். பெரும்பாலும் இரவில் கேட்கிறேன். அப்பா சேர்த்துவைத்த கச்சேரி கேசட்டுகளே அதிகம். டெக்கிலிருந்து நேராக ஆம்புக்குப் போகின்றன. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பெரம்பூர்ச் செவி:

தம்பி, வாங்குங்கள். எல்300-இல் தொடங்கி எல்700-க்கு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 1979-இல் வந்த ஸ்டாக்ஸின் முதல் லாம்டா ஹெட்போனின் அதே நீள்சதுரக் கூடு. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. மைக்ரான் கணக்கில் தடிமன் கொண்ட ஒரு படலம், அதன் இருபுறமும் துளையிட்ட இரண்டு மின்வாய்த் தகடுகள். படலத்துக்கு 580 வோல்ட் கொடுத்து மின்னேற்றி வைத்திருப்பார்கள். இசை தகடுகளுக்குப் போகும். ஒரு தகடு படலத்தை இழுக்கும்போது மற்றது தள்ளும். தகடு உறுதியாக நின்றால்தான் படலத்தின் அசைவு சுத்தமாக இருக்கும். எல்700-இல் இருப்பது, 2011-இல் வந்த எஸ்ஆர்-009 என்ற உச்ச மாடலின் வழியில் செய்த பல அடுக்குத் தகடு. எல்300-இல் அது கிடையாது.

கும்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியில் அடித்தவுடன் மணிக்கட்டை அழுத்தித் தோலில் நகர்த்துகிறார் வித்வான். தோல் இறுகி ஸ்தாயி மேலே ஏறுகிறது. எல்300-இல் அந்த ஏற்றத்தின் கோடு மட்டும் தெரியும். எல்700-இல் தோல் இறுகுவதே தெரியும்.

இன்னொன்று, மார்க் 2-இல் கேபிளைக் கழற்றி மாற்றலாம். எல்300-இல் அது கூட்டோடு பிணைந்தது. பழுது பார்க்க ஆள் கிடைக்காத ஊரில் இது சின்ன விஷயமல்ல.

காசிமேட்டு அலைவரிசை:

பெரம்பூர் சார் சொன்ன தகட்டுக் கதை சரி. ஆனால் கேட்டவருடைய வீடு எங்கே என்று பார்த்தீர்களா? கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். நானும் அந்த உப்புக்காற்றில்தான் குடியிருக்கிறேன், ஆகவே சொல்கிறேன்.

நிலைமின் ஹெட்போனின் உயிர் அந்தப் படலத்தில் தங்கும் மின்னேற்றம். ஈரமும் உப்பும் தூசியும் சேர்ந்தால் அது கசியும். கசிந்தால் ஒலி குறையும். பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் குறையும். ஐப்பசி அடைமழையில் என்னுடைய ஹெட்போனில் பாடகர் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்துவிட்டார். வலது கூடு மங்கிக்கொண்டே போயிருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைத்தேன். ஈரம் வடிந்ததும் அவர் நடுவுக்கு வந்துவிட்டார்.

எல்300-க்கு வருவது எல்700-க்கும் வரும். விலை ஏறினால் ஈரத்துக்குத் தெரியாது. ஆகவே முதல் செலவு மூடி இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே வைக்கச் சின்ன ஈரப்பதமானி. கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் செய்வதுதான். உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும்.

அடுத்தது கண்ணாடி. ஒற்றியூர் நண்பரே, இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ஹெட்போனை அணிந்துகொண்டு கூட்டை உள்ளங்கையால் மெல்லக் காதோடு அழுத்துங்கள். காது மெத்தை கன்னத்தோடு நன்றாகப் பொருந்தியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று படலத்தைத் தகட்டின் பக்கம் தள்ளும். சடசடவென்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. கண்ணாடியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. கண்ணாடியோடு சத்தம் வரவில்லை என்றால் உங்கள் தொப்பி அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

ராயபுரம் ரயிலடி:

இருவரும் வீட்டுக்கு வெளியே உள்ள சத்தத்தை மறந்துவிட்டீர்கள். இது திறந்த கூடு ஹெட்போன், வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவில்தான் அந்தச் சாலையை நிரப்புகின்றன. லாரி எஞ்சினின் உறுமல் கீழ்ஸ்தாயியில் இருக்கிறது; தொப்பியும் அங்கேதான் இருக்கிறது. லட்ச ரூபாயில் வாங்கும் நுணுக்கத்தை லாரி விழுங்கினால் என்ன பயன்?

என் யோசனை, நிலைமின்னையே விட்டு, படலத்தைக் காந்தத்தால் அசைக்கும் பிளானர் வகைக்குப் போய்விடுங்கள். மின்னேற்றம் கசியும் பேச்சே இல்லை, தனி ஆம்ப் கட்டாயமில்லை, கானாவின் டோலக் நெஞ்சில் இடிக்கும்.

பெரம்பூர்ச் செவி:

ராயபுரம் நண்பர் சொல்லும் பிளானரிலும் பெரும்பாலானவை திறந்த கூடுதான். லாரி அங்கேயும் வரும்.

காசிமேடு தம்பிக்கு: டப்பா, சிலிக்கா ஜெல் எல்லாம் சரி, நானும் செய்கிறேன். ஆனால் அது பராமரிப்பு. அவர் கேட்டது குணம். காய்ந்த எல்300 காய்ந்த எல்300-தான், எல்700 ஆகிவிடாது.

காசிமேட்டு அலைவரிசை:

குணம் என்றால் எண்ணோடு பேசுவோம் சார். முதலில் ஆம்பை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணத்தில் பெரும்பங்கு தேவையில்லாமல் போகும் இடம் அதுதான்.

எல்300-க்கும் எல்700-க்கும் உற்பத்தியாளர் தரும் உணர்திறன் ஒன்றே: 100 வோல்ட்டுக்கு 101 டெசிபெல். 252எஸ் தரக்கூடிய உச்சம் 280 வோல்ட். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 110 டெசிபெல் வருகிறது. 353எக்ஸ் தருவது 400 வோல்ட். அது 113 டெசிபெல். இவ்வளவு செலவுக்கும் கிடைக்கும் கூடுதல் இடம் 3 டெசிபெல். இரவில் வீட்டில் ஒருவர் கச்சேரி கேட்கும் சராசரி 75 அல்லது 80 இருக்கும். மிருதங்கத்தின் திடீர் அடி அதற்கு மேல் 20 ஏறினாலும் 100-ஐத் தொட்டு நிற்கும். 252எஸ் அங்கே மூச்சுத் திணறுவதில்லை.

போதாக்குறைக்கு, மலிவாகக் கிடைக்கிறது என்று ஜப்பான் உள்நாட்டுச் சரக்கை வரவழைத்தால் அந்தப் பெரிய ஆம்ப் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230. நேராகச் செருகினால் கதை முடிந்தது. மின்மாற்றி வைத்தே ஆகவேண்டும். 252எஸ்-க்கு அந்தத் தொல்லை கிடையாது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது.

காது கூசுவதற்கு, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் இருக்கிறது. 3,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் வயலின் குத்துகிறதோ அதை 3 டெசிபெல் இறக்குங்கள். கீழே 100 ஹெர்ட்ஸை ஒட்டி 4 டெசிபெல் ஏற்றுங்கள். ஆம்பில் இடம் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். ஒரு ரூபாய் செலவில்லை.

பெரம்பூர்ச் செவி:

ஆம்ப் விஷயத்தில் உங்கள் கணக்கை ஏற்கிறேன். எல்700-ஐ அந்த 252எஸ்-இலேயே செருகலாம்; அதே ஐந்து முள் பிளக், அதே 580 வோல்ட். எஸ்ஆர்-007 ஹெட்போன் போன்ற, இயக்கக் கடினமான பிடிவாதக்காரனுக்குத்தான் பெரிய ஆம்ப் வேண்டும். ஆகவே 353எக்ஸை நானே பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறேன். பாதிச் சுமை குறைந்தது.

ஈக்வலைசர் விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். அவர் கேட்பது கேசட். டெக்கிலிருந்து நேராக ஆம்புக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறார். நடுவில் ஈக்வலைசரை எங்கே வைப்பது? எல்லாக் கேசட்டையும் கணினிக்கு ஏற்றச் சொல்கிறீர்களா? சபாவில் பதிவானது ஒரு விதம், வானொலியிலிருந்து பிடித்தது ஒரு விதம், கல்யாணக் கச்சேரி ஒரு விதம். ஒவ்வொன்றுக்கும் பட்டையை நகர்த்திக்கொண்டிருந்தால் ராகம் எப்போது கேட்பது? அப்பா வைத்துவிட்டுப் போன கேசட்டை மகன் பொத்தானை அழுத்தியதும் கேட்கவேண்டும். நல்ல ஹெட்போனுக்கு நாம் கொடுக்கும் பணம் அந்த நிம்மதிக்குத்தான். அதை வீண்செலவு என்று யாரும் சொல்லக் கூடாது.

காசிமேட்டு அலைவரிசை:

கேசட் என்பதால்தான் கணினிக்கு ஏற்றச் சொல்கிறேன் சார். நாடா நிரந்தரமல்ல. கடலோர வீட்டில் அதில் பூஞ்சை பிடிக்கும். ஹெட்போன் போனால் இன்னொன்று வாங்கலாம். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பதிவான கச்சேரிக்கு இரண்டாவது பிரதி கிடையாது. லட்ச ரூபாய் கையில் இருந்தால் அதில் ஒரு பங்கை டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, கோணம் சரிபார்த்து, நல்ல ஒலி அட்டை வாங்கிப் பதிவேற்றச் செலவிடச் சொல்வேன். ஹெட்டின் கோணம் ஒரு மயிரிழை தப்பினாலும் மேல்ஸ்தாயி மங்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த எல்700-ஆலும் முடியாது.

ஒற்றியூர் ரசிகன்:

எல்லோருக்கும் நன்றி. காசிமேடு அண்ணா சொன்ன சோதனையைச் செய்தேன். கண்ணாடி இல்லாமல் அழுத்தினால் இரண்டு பக்கமும் சடசடவென்று வருகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டால் இடப்பக்கம் சுத்தமாக இல்லை, வலப்பக்கம் அரைகுறை. இடது மெத்தையைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிக் காம்பு அழுந்தும் இடத்தில் உள்நுரை படிந்து ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. மேலுறை அங்கே சுருங்கி வெடிக்கத் தொடங்கியிருக்கிறது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டேன். தொப்பிக்கு உடம்பு வந்துவிட்டது. முழுதாக என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதே ஹெட்போனில் இதைக் கேட்டதில்லை. கும்கி மேலே ஏறுவது இப்போது தெரிகிறது. வயலின் கூசுவது அப்படியே இருக்கிறது.

லாரி விஷயம் உண்மைதான். சாலைப் பக்க ஜன்னலைச் சாத்தினால் பாதி அடங்குகிறது. நிலைமின்னை விட்டுப் போக மனமில்லை ராயபுரம் நண்பரே; தம்புராவை அப்படிக் கேட்ட பிறகு முடியாது.

பெரம்பூர்ச் செவி:

தம்பி, கண்ணாடியைக் கழற்றியதில் தொப்பி வந்தது எனக்கும் மகிழ்ச்சி. மெத்தையை உடனே மாற்றுங்கள். வயலினுக்கு என் பதில் இன்னும் எல்700-தான். நான் சொல்வதை நம்ப வேண்டாம், வந்து கேளுங்கள். என் வீடு பெரம்பூரில், லோகோ ஒர்க்ஸ் பக்கம். உங்கள் 252எஸ்-ஐயும் அதன் அடாப்டரையும் கையோடு கொண்டுவாருங்கள். என் பெரிய ஆம்பில் கேட்க வைத்து உங்களை மயக்கினேன் என்ற பேச்சு வரக் கூடாது.

காசிமேட்டு அலைவரிசை:

இது நியாயமான பேச்சு. ஒற்றியூர் நண்பரே, போகும்போது உங்கள் எல்300-ஐயும் கொண்டுபோங்கள், புதிய மெத்தை போட்டு. பழைய மெத்தையோடு ஒப்பிட்டால் எல்700 ஜெயிப்பது உறுதி, அதனால் ஒன்றும் தெரியாது. பிளக்கைக் கழற்றும் முன் ஒலியைக் குறைத்து ஆம்பை அணையுங்கள். புதிதாகச் செருகியதும் படலம் மின்னேறக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இரண்டுக்கும் ஒலி அளவு ஒன்றாக இருக்கவேண்டும். சற்றுக் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். காது கூசுகிற அந்தக் கேசட்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் பதிவேற்றி, நான் சொன்ன 3 டெசிபெல் இறக்கத்தோடு ஒரு பிரதி, இல்லாமல் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எல்300-இல் இறக்கியதும் எல்700-இல் இறக்காததும் உங்கள் காதுக்கு ஒன்றாகப்பட்டால் பணத்தைக் கேசட்டுகளுக்கு வையுங்கள். ஒன்றாகப்படவில்லை என்றால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஒற்றியூர் ரசிகன்:

ஒப்புக்கொள்கிறேன். மெத்தைக்கு இன்றே ஆர்டர் போட்டுவிட்டேன். அது வந்ததும் பெரம்பூர் சாருக்குத் தனியே செய்தி அனுப்புகிறேன். காசிமேடு அண்ணா, அன்று நீங்களும் வந்தால் ஒலி அளவை ஒன்றாக்க எனக்கு உதவியாக இருக்கும்.

காசிமேட்டு அலைவரிசை:

வருகிறேன். அளவு பார்க்கும் மைக்கும் கொண்டுவருகிறேன். 353எக்ஸ் பேச்சை மட்டும் அங்கே யாரும் எடுக்கக் கூடாது.