ஸ்வீடனின் உப்சாலா, லுண்ட் பல்கலைக்கழக நேஷன்களில் உங்கள் முதல் விருந்து: அனுபவப் பகிர்வு

உப்சாலா, முதுகலை, 2017

நேஷன் எனும் மாணவர் சங்கத்தில் புதிய உறுப்பினர்களுக்கான காஸ்க் அது, பாட்டோடு நடக்கும் முறையான விருந்து. சூப் முடிந்து இரண்டாம் பாட்டும் முடிந்தபோது, அனைவரும் கோப்பையை உயர்த்தி "ஸ்கோல்" என்றார்கள். நானும் சொல்லி, இரண்டு மிடறு குடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வலப்பக்கம் இருந்தவர் மட்டும் கோப்பையை நெஞ்சளவில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். வலப்பக்கம், இடப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று கண்ணைப் பார்த்த பிறகே அருந்த வேண்டும், அருந்திய பின் மறுபடியும் பார்த்துவிட்டே கோப்பையை வைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று மட்டும் உறைத்ததால், மேசை விரிப்பில் இருந்த மெழுகுத் துளியைப் பார்த்தபடி குனிந்துகொண்டேன். சற்று நேரம் பொறுத்திருந்து அவர் தனியாகவே குடித்தார். முறை தெரியாமல் போனதைவிட, நிமிர்ந்து பார்க்காமல் இருந்துவிட்டேனே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

லுண்ட், 2014–16

முதலில் எழுதிய நண்பர் மேசைக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறார் என்று நினைக்கிறேன். நேஷன் என்பது 17ஆம் நூற்றாண்டிலிருந்து, ஒரே மாகாணத்திலிருந்து படிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள வைத்திருந்த வீடு. இன்றும் அதைத் தூக்கி நிறுத்துவது அடுக்களையில் சம்பளமில்லாமல் நிற்கும் மாணவர்கள்தான். எங்கள் சித்னிங் (பாட்டோடு அமர்ந்து உண்ணும் விருந்து) ஒன்று முடிந்த பிறகு, இரவு இரண்டு மணிக்கு, மாணவர்கள் தேர்ந்தெடுத்த நேஷன் தலைவரான குராடோர் ஈரத் தரையில் முழந்தாளிட்டு, கழிவுநீர்க் குழாயின் வாயில் அடைத்திருந்த பீட்ரூட் துண்டுகளைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது என் பெயரைக் கேட்டார். அதில் ழகரம் உண்டு. நாக்கை மடித்து மடித்து, பாத்திரம் கழுவும் எந்திரத்தின் ஆவிக்கு நடுவே ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தார். கடைசி முறை சரியாகவே வந்தது. விருந்து மேசையில் அந்த நேரம் எவருக்கும் கிடைக்காது.

உப்சாலா, ஆய்வு மாணவி

என் முதல் காஸ்கில், நான் கேட்காமலே என் முன் ஸ்னாப்ஸ் என்ற கடும் மதுக் கோப்பையை வைத்துவிட்டார்கள். பாட்டு முடியும்வரை அதை உதட்டருகே பிடித்திருந்தேன். இனி வருபவர்கள் அப்படித் தவிக்கக் கூடாது என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். பதிவுப் படிவத்திலேயே மது வேண்டாம் என்றும் சைவம் என்றும் எழுதிவிடுங்கள். தண்ணீரை உயர்த்தினாலும் மரியாதை குறையாது. அழைப்பில் "கவாய்" என்றிருந்தால் கோட்டு போதும், "ஃப்ராக்" என்றிருந்தால் அது பின்புறம் வால் நீண்ட கோட்டு, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும், புதிதாக வாங்கிச் செலவு செய்யாதீர்கள். பாட்டுப் புத்தகத்தின் ஸ்வீடிய வரிகளை முந்தைய நாளே ஒரு முறை உரக்கப் படியுங்கள். 2010 ஜூலைக்குப் பிறகு உறுப்பினராவது கட்டாயமில்லை என்பதற்காகச் சேராமல் இருந்துவிடாதீர்கள். பல நேஷன்களுக்குச் சொந்த விடுதிகள் உண்டு. உப்சாலாவில் 13 நேஷன்கள் இருக்கின்றன, எனவே பெயரைப் பார்த்துச் சேராமல், ஒரு வாரம் மதிய உணவுக்கும் ஃபீகா எனும் காப்பி இடைவேளைக்கும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலில் எழுதிய நண்பருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பக்கத்தில் இருந்தவர் அதை மறுநாளே மறந்திருப்பார்.

ஃப்ளூக்ஸ்தா விடுதி, உப்சாலா

அக்கா, அவர் மறந்திருப்பாரா என்று நண்பர் இங்கே கேட்கவே இல்லையே. நிமிர்ந்து பார்க்க முடியாமல் போவது எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் பருவம் முழுவதும் காஸ்க் அழைப்புகளை நான் தட்டிக்கழித்தேன். நவம்பரில் ஒரு நாள், பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிட்ட நாள், அறையில் படித்துக்கொண்டிருந்தபோது இரவு பத்து மணி அடித்தது. அந்த நேரத்தில் மாணவர்கள் சன்னலைத் திறந்து கத்துவது இங்கே வழக்கம்; எல்லாக் கட்டடங்களிலிருந்தும் அந்த அலறல் எழுந்தது. அதுவரை நாள்தோறும் சன்னலை மூடிக்கொண்டவன், அன்று திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு சன்னலில் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் தெரிந்தார். முகம் தெரியவில்லை, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். நானும் தூக்கினேன். மறுநாள் காலை, பன்னிரண்டு அறைகளுக்கும் பொதுவான சமையலறையில், பக்கத்து அறைக்காரர் காப்பியை என் பக்கம் நகர்த்தி, சனிக்கிழமை காஸ்குக்கு வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.