வயது போன பூனை: நிறையத் தண்ணீர் குடிக்கிறது, மெலிகிறது. என்ன செய்யலாம்?

விசுவமடு வளவு:
எங்கள் வீட்டுப் பெட்டைப் பூனைக்கு 13 வயதுக்குக் குறையாது. மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் குட்டியாக வந்தது, அம்மாவுக்கு அது இன்னொரு பிள்ளை. இப்போது தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. சாப்பாடு குறைந்து விட்டது, ஆனால் கிணற்றடி வாளியில் எந்த நேரமும் வாய் வைத்தபடி நிற்கிறது. முந்தி வளவுக்குள் போய் மண் தோண்டித்தான் மூத்திரம் பெய்யும், இப்போது விறாந்தையில் கிடக்கும் சாக்கிலேயே பெய்து விடுகிறது. கதிரையில் ஏறவும் முடியவில்லை, இரவில் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிகிறது. பக்கத்து வீட்டு மாமா, தண்ணீரைக் குறை, கால் நோவுக்கு அரைப் பனடோல் கரைத்துப் பருக்கு என்கிறார். அப்பா, வயது போனால் இப்படித்தான், விடு என்கிறார். எனக்கு விட மனமில்லை. வவுனியாப் பக்கம் ஆட்களுக்குச் சிறுநீரக வருத்தம் வருகிறதே, கிணற்றுத் தண்ணீர்தான் பூனைக்கும் காரணமோ?

கனகராயன்:
தம்பியோ தங்கச்சியோ, முதலில் அந்தப் பனடோலைக் கொடுக்காதீர்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசன் கொண்டு போக முடியாமல் மண்ணிறமாகும், முரசு கறுக்கும், முகம் வீங்கும். 3 கிலோப் பூனைக்கு அரைக் குளிசையே உயிரை எடுக்கப் போதும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால் அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தண்ணீரைக் குறைப்பதும் அதே அளவு கூடாத வேலை. சிறுநீரகம் பழுதானால் மூத்திரத்தைச் செறிவாக்க முடியாது, நீர் ஓடிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்ற பிறகுதான் பொதுவாக இது நம் கண்ணுக்கே தெரியும். வாளியை மறித்தால் இரண்டொரு நாளில் விழுந்துவிடும். இன்னும் இரண்டு மூன்று இடத்தில் சட்டியில் வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றி: வயது போன பூனைக்குச் சிறுநீரக வருத்தம் உலகம் முழுக்க வருவது, அதனால் கிணற்றைக் குறை சொல்ல வேண்டாம். அதோடு இதே குணங்குறி நீரிழிவிலும் வரும், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி கூடுதலாகச் சுரந்தாலும் வரும். தைரொயிட் என்றால் பெரும்பாலும் நன்றாகத் தின்றுகொண்டே மெலியும், உங்களுடையது தின்னாமல் மெலிகிறது, ஆனாலும் இரத்தமும் மூத்திரமும் சோதிக்காமல் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவிடம் சொல்லுங்கள், வயது ஒரு வருத்தம் இல்லை. வயதோடு வருகிற வருத்தங்களில் பலவற்றுக்கு ஏதாவது செய்யலாம்.

முல்லைமணல்:
சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் கடுவனை நெடுங்காலம் இப்படித்தான் வைத்திருந்தோம். கருவாட்டை நிறுத்துங்கள், உப்பு. கறிச்சோறும் வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். சூடையோ கீரியோ உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, அவித்த தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து இளஞ்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மணம் வந்தால்தான் கிழட்டுப் பூனை வாய் வைக்கும். பால் பல பூனைகளுக்கு வயிற்றால் போக வைக்கும், தண்ணீருக்குப் பதிலாக அதைக் கொடுக்க வேண்டாம். முகர்ந்து பார்த்துவிட்டு விலகினால் வாயைத் திறந்து பாருங்கள், பல்லும் முரசும் நோகலாம். முழுதாக ஒரு நாள் ஒன்றும் தின்னாவிட்டால் காத்திருக்காதீர்கள், பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.

சாக்கில் பெய்கிறது என்று ஏசாதீர்கள். வளவுக்குப் போய்வர மூட்டு விடுகிறதில்லை. உயரம் குறைந்த பெட்டியில் கடற்கரை மணலோ ஆற்று மணலோ போட்டு அது படுக்கும் இடத்துக்குக் கிட்ட வையுங்கள், கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பலகைப் பெட்டியைப் படிபோல வையுங்கள். நகத்தையும் பாருங்கள் அம்மா, ஓடித் திரியாத பூனைக்கு நகம் வளைந்து பாதத்துக்குள்ளேயே ஏறும். நடக்க முடியாமல் நொண்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரவில் கத்துவதற்கு இரத்த அழுத்தம், காது கேளாமை என்று பல காரணம் உண்டு, அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விசுவமடு வளவு:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. பனடோல் அட்டையை அம்மா எடுத்து ஒளித்துவிட்டார். அரச மிருக வைத்தியரிடம் ஆடு மாட்டைத்தானே கொண்டு போவார்கள், பூனையைப் பார்ப்பாரா? சாப்பாடு கொடுக்காமல் கொண்டு போக வேண்டுமா?

கனகராயன்:
பார்ப்பார், ஆனால் வெளி வேலையாகத் தோட்டம் பட்டி என்று போயிருப்பார், அதனால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். இரத்தச் சோதனை எங்கே செய்யலாம் என்றும் அவரிடமே கேளுங்கள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று ஞாபகப்படுத்துங்கள். சிறுநீரகம்தான் என்றால் தோலுக்குக் கீழே சேலைன் ஏற்றுவார்கள், அதைப் பழகிக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். சாப்பாட்டை அவர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள், தண்ணீரை எந்தக் காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம். வெயில் ஏற முதல், மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் அது படுத்த துணியைப் போட்டுக் கொண்டு போங்கள், ஓட்டோவில் மடியில் வைத்தால் பரந்தன் சந்தியில் பாய்ந்துவிடும். புறப்பட முதல் கூடையோடு கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட அது வேண்டும்.